முற்றைத் தேடு

வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐயெல்ட்ஸில், ரீடிங் என்ற வாசிப்புப் பகுதிக்கு நேரம் போதவில்லை என்று சொல்லாத ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. நாகர்கோவிலில் என் வீட்டு மாடிக்குச் சாயங்காலம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் நர்ஸ்கள். ட்யூட்டி முடிந்த கையோடு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் வருவார்கள். ஒருத்திக்கு லண்டன், ஒருத்திக்கு டப்ளின், இன்னொருத்திக்கு மெல்போர்ன். போக நினைக்கும் ஊர்தான் வேறு வேறு, புகார் ஒன்றேதான்: "டைம் பத்தல டீச்சர்."

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அகாடமிக் ரீடிங்கில் மூன்று பாசேஜ் (படித்துப் பதில் எழுத வேண்டிய கட்டுரை), 40 கேள்வி, 60 நிமிடம். மூன்று பாசேஜையும் சேர்த்தால் 2,150 முதல் 2,750 சொல் வரை வரும். நிமிடத்துக்கு 100 சொல் என்று ஆற அமரப் படித்தாலும் 28 நிமிடத்துக்குள் முழுவதையும் ஒரு தடவை படித்து முடித்துவிடலாம். கேள்விகளுக்கென்று அரை மணி நேரத்துக்கு மேல் மிஞ்ச வேண்டும். மிஞ்சுவதில்லை. ஏன் என்பது பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கண்ணைக் கவனித்தால் தெரிந்துவிடும். கண் ஒரு வாக்கியத்தின் கடைசி வரை போகும், திரும்பி முதலுக்கு வரும், மறுபடி போகும். ஒரே வாக்கியத்தை நாலு தடவை படித்தால் 2,500 சொல் பாசேஜ் 10,000 சொல்லாகிவிடுகிறது. பிறகு நேரம் எப்படிப் போதும்?

ஒரு பெண் இதைத் தெளிவாகவே சொன்னாள்: "எல்லா வார்த்தையும் தெரியுது டீச்சர். வரிதான் புரியல."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான். சொல் தெரிந்தும் வரி புரியாமல் போவது இலக்கணப் பிரச்சினை. ஆனால் கோச்சிங் சென்டர்களில் கிராமருக்குத் தனி வகுப்பு, ரீடிங்குக்குத் தனி வகுப்பு. கிராமர் வகுப்பில் டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்வார்கள். ரீடிங் வகுப்பில் ஸ்கிம்மிங் (மேலோட்டமாகப் படிப்பது), ஸ்கேனிங் (வேண்டியதை மட்டும் தேடிப் படிப்பது) என்று சொல்லித் தருவார்கள். ஒன்றை இன்னொன்றோடு யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் தயாராக ஒரே பயிற்சி போதும். ஆங்கில வாக்கியம் ஒன்றைப் பார்த்ததும் அதில் வினைமுற்று எது என்று கண்டுபிடிக்கும் பயிற்சி.

வினைமுற்று என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆங்கிலத் தேர்வுக்குத் தமிழ் இலக்கணமா? ஆமாம், அதேதான். தமிழ் வழியில் படித்தவர்கள் தங்களிடம் ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். உண்மையில் இந்த ஒரு விஷயத்தை நடுநிலைப் பள்ளியிலேயே படித்து, பரீட்சையும் எழுதி, மறந்தும்விட்டிருக்கிறார்கள். 'வந்தான்' முற்று. 'வந்த பையன்' என்பதில் 'வந்த' பெயரெச்சம். 'வந்து போனான்' என்பதில் 'வந்து' வினையெச்சம். எச்சத்தில் வாக்கியம் முடியாது, அது எதையோ எதிர்பார்த்து நிற்கும். முற்று வந்தால்தான் முடியும். தமிழில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்த்தால் முற்று கிடைத்துவிடும். எச்சத்தை அதன் விகுதியே காட்டிக் கொடுத்துவிடும். 'வந்த' என்பதை யாரும் 'வந்தான்' என்று குழப்பிக்கொள்வதில்லை.

ஆங்கிலம் இந்த வசதியைத் தருவதில்லை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

தி பேஷன்ட்ஸ் அட்வைஸ்டு டு ஃபாஸ்ட் ஆஸ்க்டு ஃபார் வாட்டர்.

வகுப்பில் இதைப் போர்டில் எழுதினால் முதலில் வரும் பதில், "நோயாளிகள் அறிவுரை சொன்னார்கள்..." என்று ஆரம்பித்து, பாதியில் நின்றுவிடும். ஏனென்றால் 'ஆஸ்க்டு' வந்து இடிக்கிறது. கேட்டது யார்? இங்கே 'அட்வைஸ்டு' முற்றுப் போலவே தோற்றம் தரும் எச்சம். 'பட்டினி இருக்கச் சொல்லப்பட்ட நோயாளிகள்' என்பதில் உள்ள 'சொல்லப்பட்ட'தான் அது. முற்று 'ஆஸ்க்டு'. பட்டினி இருக்கச் சொல்லப்பட்ட நோயாளிகள் தண்ணீர் கேட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். எட்டுச் சொல்லில் ஒன்றுகூட எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கஷ்டமானதில்லை. ஆனாலும் வாக்கியம் ஆளைக் கவிழ்க்கிறது. 'ஹூ வேர்' என்ற இரண்டு சொல்லை ஆங்கிலம் விழுங்கிவிட்டதுதான் காரணம். ரீடிங் பாசேஜ்களில் இப்படி விழுங்கப்பட்ட இடங்கள் பத்திக்குப் பத்தி இருக்கும்.

முற்றைத் தேடுவதற்கு என் வகுப்பில் வைத்திருக்கும் வழி இது. 'இங்' என்று முடியும் வினை தனியாக நின்றால் எச்சம் அல்லது பெயர். 'டு' முன்னால் ஒட்டிய வினையும் எச்சம். 'கிவன்', 'டேக்கன்', 'ரிட்டன்' போன்ற மூன்றாம் வடிவம், முன்னால் 'இஸ்', 'வாஸ்', 'ஹாஸ்', 'ஹாட்' எதுவும் இல்லாமல் நின்றால் அதுவும் எச்சம். இவற்றுக்கு முன்னால் துணைவினை வந்துவிட்டால், அந்தத் துணைவினையோடு சேர்ந்து முற்று. தகராறு 'ஈடி'யில் முடியும் சொற்களில்தான். அங்கே இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒரே முகம். அப்போது வாக்கியத்தில் எத்தனை முற்று இருக்கிறது, எத்தனை இணைப்புச் சொல் இருக்கிறது என்று எண்ண வேண்டும். 'அண்ட்', 'பட்', 'பிகாஸ்', 'வென்', 'விச்', 'தட்' போன்றவை இணைப்புகள். ஓர் இணைப்பு இருந்தால் இரண்டு முற்றுக்கு இடம் உண்டு, இரண்டு இருந்தால் மூன்றுக்கு. இணைப்பே இல்லாத வாக்கியத்தில் இரண்டு முற்று தெரிகிறதென்றால் அதில் ஒன்று வேஷம் போட்ட எச்சம். மேலே உள்ள வாக்கியத்தில் இணைப்பு எதுவும் இல்லை. எனவே 'அட்வைஸ்டு', 'ஆஸ்க்டு' இரண்டில் ஒன்றுதான் முற்று. பேச்சு ஆங்கிலத்தில் 'தட்'டைப் பல இடங்களில் விட்டுவிடுவார்கள், 'தி டேப்லட் ஹி டுக்' என்பதுபோல. அங்கே கண்ணுக்குத் தெரியாத இணைப்பு ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இதைக் கற்றுக்கொடுத்துவிட்டு, டோஃபல் என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வின் ஐ.டி.பி. வகையில் உள்ள 'ஸ்ட்ரக்சர் அண்ட் ரிட்டன் எக்ஸ்பிரஷன்' என்ற இலக்கணப் பகுதியைக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும். அதில் 40 கேள்விக்கு 25 நிமிடம். முதல் 15 கேள்வி, விடுபட்ட இடத்தை நிரப்புவது. அடுத்த 25, கோடிட்ட நான்கு இடங்களில் பிழை எது என்று கண்டுபிடிப்பது. 1964இல் தொடங்கிய டோஃபலில் நெடுங்காலம் இலக்கணத்துக்கென்றே ஒரு பகுதி இருந்தது. 2005இல் இணையவழித் தேர்வு வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். நிறுவனங்கள் தங்கள் மாணவர்களுக்கு நடத்திக்கொள்ளும் ஐ.டி.பி.யில் மட்டும் அது தங்கிவிட்டது. அந்தப் பாணியில் நான் எழுதிய கேள்வி ஒன்று:

தி நைல், ____ நார்த்வர்ட், எம்ப்டீஸ் இன்டு தி மெடிட்டரேனியன் ஸீ.

ஃப்ளோஸ், ஃப்ளோயிங், இட் ஃப்ளோஸ், இஸ் ஃப்ளோயிங் என்று நான்கு விடைகள். அர்த்தத்தை வைத்துப் பார்த்தால் நாலுமே 'ஓடுகிறது'தான். காதில் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இங்கே வழுக்குவார்கள். முற்றைத் தேடுகிறவருக்குப் பத்து வினாடி வேலை: 'எம்ப்டீஸ்' ஏற்கெனவே முற்றாக உட்கார்ந்திருக்கிறது, இணைப்பு எதுவும் இல்லை, எனவே இன்னொரு முற்றுக்கு இடமில்லை. எச்சம் ஒன்றுதான் பொருந்தும். 'ஃப்ளோயிங்'. வடக்கு நோக்கி ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கிறது என்று தமிழில் சொன்னால் 'ஓடி' என்ற வினையெச்சம் தானாக வந்துவிடுவதைப் பாருங்கள்.

அந்த 15 கேள்விகளில் கணிசமானவை இந்த வகைதான். வாக்கியத்தில் எழுவாய் இல்லாமல் இருக்கும், அல்லது முற்று இல்லாமல் இருக்கும், அல்லது இரண்டில் ஒன்று கூடுதலாக இருக்கும். 'நெவர்', 'செல்டம்', 'நாட் ஒன்லி' என்று மறுப்பில் ஆரம்பிக்கும் வாக்கியங்களில் துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவிவிடும். அதை மட்டும் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டும், நம் மொழியில் அதற்கு இணையாக எதுவும் கிடையாது.

கிராமரும் ரீடிங்கும் ஒன்று என்பது ஏதோ நாகர்கோவில் மாடியில் நான் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. கேம்பிரிட்ஜ்காரர்கள் நடத்தும் சி1 அட்வான்ஸ்டு என்ற ஆங்கிலத் தேர்வில் முன்பு ரீடிங் ஒரு தாள், யூஸ் ஆஃப் இங்கிலீஷ் ஒரு தாள். 2015இல் இரண்டையும் ஒன்றாக்கி, 90 நிமிடத்தில் எட்டுப் பகுதி, 56 கேள்வி என்று வைத்துவிட்டார்கள். முதல் நாலு பகுதி சொல்லும் இலக்கணமும், அடுத்த நாலு வாசிப்பு. அவர்களுடைய முதல் ஆங்கிலத் தேர்வு 1913இல் நடந்தது. எழுதியவர்கள் மூன்றே பேர், தேர்வு மொத்தம் 12 மணி நேரம், தேறியவர் யாரும் இல்லை. மொழிபெயர்ப்பு, இலக்கணம், ஒலியியல் என்று எல்லாம் தனித்தனித் தாள்கள். ஒரு நூற்றாண்டு கழித்துச் சுவர்களை இடித்து அறைகளைச் சேர்த்திருக்கிறார்கள். டோஃபலும் 2026 ஜனவரி மாற்றத்தில், சொற்களைக் கலைத்துக் கொடுத்து வாக்கியமாக அடுக்கச் சொல்லும் கேள்வியைக் கொண்டுவந்திருக்கிறது. ரீடிங்கில் பாதி எழுத்து மறைந்த சொற்களை நிரப்பச் சொல்கிறது. வெளியே போன இலக்கணம் பின்வாசல் வழியாக வந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் தமிழர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 'தி லிஸ்ட் ஆஃப் மெடிசின்ஸ் ஆர் ஆன் தி டேபிள்.' இதில் பிழையே இல்லை என்று பலர் சாதிப்பார்கள். 'ஆர்' என்பதற்குப் பக்கத்தில் 'மெடிசின்ஸ்' பன்மையாக நிற்கிறது, சரியாகத்தானே இருக்கிறது என்பார்கள். தமிழில் இதையே 'மருந்துகளின் பட்டியல் மேசைமேல் இருக்கிறது' என்போம். நம் மொழியில் அடைமொழியெல்லாம் முன்னால் வந்துவிடும், தலைச்சொல் கடைசியில் வரும். எழுவாய் எது என்று தேட வேண்டியதே இல்லை. ஆங்கிலத்தில் தலைச்சொல் முதலில் வந்துவிட்டு, அதன் வால் பின்னால் நீண்டுகொண்டே போகும். முற்றுக்குப் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் வாலின் நுனி. கேள்வி தயாரிக்கிறவர்கள் அந்த வாலை இன்னும் நீட்டி, நடுவில் நாலு பன்மைச் சொல்லைச் சொருகி வைப்பார்கள். 'ஆஃப்', 'இன்', 'வித்', 'ஆன்' என்று தொடங்கும் துண்டுகளைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பார்த்தால் 'தி லிஸ்ட் இஸ்' என்று தெளிந்துவிடும்.

இதில் நமக்கு இன்னொரு பாதகமும் உண்டு. எழுதும்போது 'மாடுகள் மேய்கின்றன' என்கிறோம். பேசும்போது 'மாடுங்க மேயுது'. அஃறிணையில் ஒருமை பன்மை பார்த்து வினையை மாற்றும் பழக்கம் நம் வாயில் இல்லை. காது உறுத்தாது. அதனால் இதில் காதை நம்பக் கூடாது, கண்ணால்தான் சரிபார்க்க வேண்டும்.

'ஏ', 'ஆன்', 'தி' பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்காக மாதக்கணக்கில் செலவழிக்காதீர்கள் என்பேன். தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் முழுப்பிடி கிடைக்க ஆண்டுகள் ஆகும். ஆனால் 'இன்ஃபர்மேஷன்', 'எக்யுப்மென்ட்', 'ஃபர்னிச்சர்', 'அட்வைஸ்' போன்றவற்றுக்குப் பன்மை கிடையாது என்று ஒரு நாள் உட்கார்ந்து படித்தால் அது மதிப்பெண்ணாக மாறும். 'ஒன் ஆஃப் தி' என்பதற்குப் பிறகு வரும் பெயர் பன்மை, அதற்கு வரும் வினை ஒருமை என்பதும் அப்படித்தான்.

இனி ரீடிங்.

ஸ்கிம்மிங்கும் ஸ்கேனிங்கும் கெட்ட விஷயங்கள் இல்லை. ஒரு வாக்கியத்தை ஒரே தடவையில் படித்துப் புரிந்துகொள்கிறவருக்கு அவை நேரத்தை மிச்சப்படுத்தும். அது வராதவருக்கு அவை கண்ணைக் கட்டிவிடுகின்றன. கேள்வியில் ஒரு கீவேர்டை எடுத்து, பாசேஜில் அதே கீவேர்டைத் தேடிப்பிடித்து, பக்கத்தில் இருப்பதை விடையாக எழுதச் சொல்லும் யூட்யூப் வீடியோக்கள் ஏராளம். 'ரெண்டே வாரத்தில் பேண்ட் 8' என்று முகப்புப் படத்தில் இருக்கும் (பேண்ட் என்பது ஐயெல்ட்ஸ் மதிப்பெண்). தேர்வை வடிவமைக்கிறவர்களுக்கு இந்தக் குறுக்குவழி நன்றாகவே தெரியும். அதனால்தான் சரியான விடையில் பாசேஜின் சொல்லை மாற்றிவிட்டு, தவறான விடைகளில் பாசேஜின் சொல்லை அப்படியே வைக்கிறார்கள். கீவேர்டைப் பிடித்துப் போகிறவர் நேராகப் பொறிக்குள் போய் உட்காருவார்.

ஐயெல்ட்ஸில் அதிகம் பேரை அழவைப்பது ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்: பாசேஜ்படி ஒரு கூற்று சரியா, தவறா, பாசேஜில் சொல்லப்படவே இல்லையா என்று கேட்கும் கேள்வி. இதற்கு நான் ஆங்கிலப் பாசேஜ் கொடுத்துத் தொடங்குவதில்லை. தமிழில் இரண்டு வரி சொல்வேன்: "பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியே ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பிறந்த இடத்திலிருந்து கடல் சேரும்வரை அது தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது." பிறகு கேள்வி. தாமிரபரணி கேரளத்திலும் பாய்கிறது: ஃபால்ஸ், எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டிலேயே நீளமான ஆறு தாமிரபரணி: இதற்கும் ஒரே குரலில் ஃபால்ஸ் வரும். "காவிரிதானே டீச்சர் நீளம்?" காவிரிதான். ஆனால் அந்த இரண்டு வரியில் காவிரியும் இல்லை, நீளமும் இல்லை. விடை நாட் கிவன். எங்கள் மாவட்டத்தில் குழித்துறை வழியாக ஓடும் ஆற்றையும் தாமிரபரணி என்பார்கள். ஒருத்தி அதையும் இழுத்துப்போட்டு முதல் கேள்விக்கே விடையை மாற்றப் பார்த்தாள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இந்தப் பகுதியில் அதிகம் கோட்டைவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குத்தான் வெளிச் செய்தி நிறையத் தெரியும். நர்ஸ்களுக்கு மருத்துவம் பற்றிய பாசேஜ் வந்தால் இந்த ஆபத்து இரட்டிப்பு. வார்டில் தினம் பார்ப்பது ஒன்று, பாசேஜ்காரர் எழுதியிருப்பது ஒன்று.

ஃபால்ஸ் என்றால் பாசேஜ் அதை மறுக்க வேண்டும். மறுக்கும் வாக்கியத்தை விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அது நாட் கிவன். இதற்கு மேல் சூத்திரம் எதுவும் இல்லை. விரல் வைக்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை சின்னச் சொற்கள்: 'சம்', 'மோஸ்ட்', 'ஒன்லி', 'மெயின்லி', 'மே', 'டெண்ட் டு'. பாசேஜில் 'மே' என்று தயங்கிச் சொன்னதைக் கேள்வி 'வில்' என்று அடித்துச் சொல்லும். இங்கேயும் பார்வை முற்றின்மேல்தான் இருக்க வேண்டும். 'மே', 'வில்', 'மஸ்ட்' எல்லாம் முற்றின் தலையில் உட்காருபவை.

விடுபட்ட இடத்தை நிரப்பும் கேள்விகள் இருக்கின்றனவே, அவை ரீடிங் பகுதிக்குள் ஒளிந்திருக்கும் கிராமர் தேர்வு. பாசேஜில் 'ஆன்ட்ஸ் கேரி தி சீட்ஸ் டு தேர் நெஸ்ட்ஸ்' என்று இருக்கும். கேள்வியில் 'தி சீட்ஸ் ஆர் டேக்கன் டு தி ____ ஆஃப் ஆன்ட்ஸ்' என்று வரும். செய்வினை செயப்பாட்டுவினை ஆகிவிட்டது, எறும்பு முன்னாலிருந்து பின்னால் போய்விட்டது. வாக்கியத்தின் எலும்பைப் பார்க்கத் தெரிந்தவருக்கு 'நெஸ்ட்ஸ்' என்பது பளிச்சென்று தெரியும். 'நெஸ்ட்' என்று 'எஸ்' விட்டு எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஒரே சொல் என்று நிபந்தனை போட்டிருக்கும்போது 'தி நெஸ்ட்ஸ்' என்று எழுதினாலும் போய்விடும், அது இரண்டு சொல். எழுத்துப்பிழைக்கும் மன்னிப்பு இல்லை. பாசேஜில் கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தப்பாக எழுதி மதிப்பெண் இழப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

கேள்விகளின் வரிசையைப் பற்றியும் ஒன்று. ட்ரூ-ஃபால்ஸ், வாக்கியம் நிரப்புவது போன்றவை பாசேஜின் வரிசையிலேயே வரும். எந்தப் பத்தியில் எந்தச் செய்தி என்று பொருத்தும் கேள்விகள் அப்படி வராது. அதனால் வரிசையாக வருபவற்றை முதலில் முடித்துவிடுவது நல்லது. அதற்குள் பாசேஜ் முழுவதும் ஒரு தடவை கண்ணில் பட்டிருக்கும். பொருத்தும் வேலை பாதியாகிவிடும்.

நர்ஸ்களுக்கு இன்னொரு வழியாக, மருத்துவத் துறையினருக்கென்றே நடத்தும் ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. இருக்கிறது. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் ஐயெல்ட்ஸில் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 கேட்கிறது. ஓ.இ.டி.யில் அதே மூன்றிலும் பி கிரேடு, அதாவது 350, ரைட்டிங்கில் சி பிளஸ். ஐயெல்ட்ஸ் அகாடமிக் ரீடிங்கில் 7 வாங்க 40க்கு ஏறத்தாழ 30 சரியாக வேண்டும். ஓ.இ.டி. ரீடிங்கின் ஏ பகுதியில் ஒரே மருத்துவ விஷயத்தைப் பற்றி நாலு சின்னத் துண்டுகள், 20 கேள்வி, 15 நிமிடம். நேரம் முடிந்ததும் தாளை வாங்கிவிடுவார்கள், திரும்பிப் பார்க்க முடியாது. இங்கே நான் மேலே சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. இது உண்மையிலேயே தேடி எடுக்கும் வேலை, கேஸ் ஷீட்டில் பொட்டாசியம் அளவு எங்கே என்று பார்ப்பதுபோல. நர்ஸ்களுக்குக் கைவந்த கலை. எந்தத் துண்டில் அட்டவணை, எந்தத் துண்டில் மருந்தளவு என்று முதல் நிமிடத்தில் பார்த்துவைத்துக்கொண்டால் போதும். சி பகுதியில் இரண்டு நீண்ட கட்டுரைகள், ஒவ்வொன்றும் 800 சொல் அளவு, எட்டெட்டுக் கேள்வி. அங்கே போனதும் பழையபடி முற்றைத் தேட வேண்டியதுதான்.

பயிற்சி எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில் பிடிப்பதில்லை. ஒரு நாளைக்கு மூன்று மாடல் டெஸ்ட் எழுதுவதைவிட மூன்று நாளைக்கு ஒரு பாசேஜ் படியுங்கள். முதல் நாள் கடிகாரம் வைத்து எழுதுவது. இரண்டாம் நாள் விடைத்தாளைப் பார்க்காமல் பாசேஜை எடுத்து, வாக்கியம் வாக்கியமாக முற்றின் கீழ்க் கோடு போடுவது, எச்சத்தைச் சுற்றி வட்டம் போடுவது, 'விச்', 'தட்' தொடங்கும் இடத்தில் சாய்கோடு போடுவது. எந்த வாக்கியத்தில் முற்று கிடைக்கவில்லையோ, அந்த வாக்கியத்தை ஒட்டிய கேள்விக்குத்தான் பெரும்பாலும் முதல் நாள் தப்பாக விடை எழுதியிருப்பீர்கள். மூன்றாம் நாள் அந்தச் சிக்கலான வாக்கியங்களை மட்டும் தமிழில் சொல்லிப் பார்ப்பது. சத்தமாக, நம் பேச்சுத் தமிழில். 'அந்த மருந்த சாப்பிட்டவங்கள்ல பாதிப் பேருக்குத்தான் கேட்டுச்சு, மத்தவங்களுக்கு ஏன் கேக்கலன்னு இன்னும் தெரியல' என்று சொல்ல வந்துவிட்டால் அந்த வாக்கியம் உங்களுடையதாகிவிட்டது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே யோசி என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். தேர்வு அறையில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரமிருக்காது என்பது உண்மை, ஆனால் வீட்டில் இதைச் செய்தவர்களுக்கு அறையில் மொழிபெயர்க்க வேண்டிய தேவை வருவதில்லை.

அப்புறம் அந்த 'ஹிந்து எடிட்டோரியல் படி' அறிவுரை. நம் ஊரில் ஆங்கிலம் என்று வாயெடுத்தாலே பக்கத்து வீட்டு மாமா முதல் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்வரை இதைத்தான் சொல்வார்கள். தலையங்கம் நல்ல ஆங்கிலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் புரிந்துகொள்ள அந்த வாரத்து அரசியல் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் தடுக்குகிறதா, விவகாரம் தடுக்குகிறதா என்றே தெரியாது. ஐயெல்ட்ஸ் அகாடமிக் பாசேஜ்கள் தேனீ, கண்ணாடி செய்வது, பழைய கப்பல், குழந்தைகளின் விளையாட்டு என்று போகும். ஒன்றும் தெரியாத வாசகருக்கு விஷயத்தை விளக்கிச் சொல்லும் எழுத்து அது. அதனால் பத்திரிகைகளில் அறிவியல், சுற்றுச்சூழல், வரலாறு பற்றிய கட்டுரைகளைப் படியுங்கள். நர்ஸ் என்றால் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படியுங்கள். எச்சங்கள் நிறைந்த, வறண்ட, நீளமான வாக்கியங்கள். இலவசம் வேறு.

சொல் பட்டியல்களைப் பற்றி ஒரே வரி: தெரியாத ஆயிரம் சொல்லை மனப்பாடம் செய்வதைவிடத் தெரிந்த நூறு சொல்லின் குடும்பத்தைப் பிடியுங்கள், 'ஸ்ட்ராங்' என்றால் 'ஸ்ட்ரெங்த்', 'ஸ்ட்ரெங்தன்', 'ஸ்ட்ராங்லி' வரை.

தேர்வு நாளுக்குச் சில நடைமுறை விஷயங்கள். காகிதத்தில் எழுதும் ஐயெல்ட்ஸில் லிசனிங்குக்குப் பிறகு விடைகளை மாற்றி எழுத 10 நிமிடம் தருவார்கள். ரீடிங்குக்கு அப்படித் தரமாட்டார்கள், எனவே நேராக விடைத்தாளிலேயே எழுதிவிடுங்கள். மூன்று பாசேஜுக்கும் 20, 20, 20 என்று பிரிக்காதீர்கள். மூன்றாவதுதான் வழக்கமாகக் கடினமாக இருக்கும், 15, 20, 25 என்று வைத்துக்கொண்டால் மூச்சு விடலாம். ஒரு கேள்வி இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்து இழுத்தால் தோன்றியதை எழுதிவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பி.டி.இ. என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது முழுவதும் பொருந்தாது. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பான ஒவ்வொரு தேர்வுக்கும் அந்தக் கேள்வியிலேயே ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் டிக் செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.